ஏற்றாத வரி

நான் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி யாராவது கேட்டால், "ஆமாம், இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்டவர்களும் அத்தோடு விட்டுவிடுவார்கள். தோற்றுப்போன தலைவரிடம் தெரிந்துகொள்ள யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

முடிச்சூரைத் தாண்டி, வயல் மனையாகி, மனை அடுக்குமாடியாகிக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது. நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் நலச்சங்கத்தின் செயலாளர். பெருவெள்ளம் வந்தபோது அவரும் அவர் மனைவியும் இரண்டு நாள் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான், உள்ளாட்சித் தேர்தல் அறிவித்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க நில்லுங்க மேடம். அரசியல்வாதியே வேணாம். கறாரா ஒரு ஆள் வேணும் நமக்கு."

நின்றேன். மூன்றே விஷயம் சொல்லி ஓட்டுக் கேட்டேன். வீட்டு வரியை ஏற்ற மாட்டேன். தெருத் தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் வடிகாலை முடிக்காமல் வேறு புது வேலை எதிலும் கை வைக்க மாட்டேன். புறம்போக்கில் யார் கட்டியிருந்தாலும் ஒரே சட்டம். ஜெயித்த பிறகு முதல் கிராம சபையிலும் இதையே சொன்னேன். முதலில் கைதட்டியவர் செயலாளர்தான்.

இந்த மூன்றில் எதையும் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் என் கொள்கைக்காகக் காத்திருக்கவில்லை. புதிது புதிதாகத் தெருக்கள் முளைத்தன. குப்பை அள்ள எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு தூய்மைப் பணியாளர். ஊர் ஓரத்தில் குடிசைகள் நிறைந்த காலனியில் குடியிருந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பெண். ஒருநாள் காலையில் தள்ளுவண்டியை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், நான் வேலைக்கு வந்தப்போ ஆறு தெரு. இப்போ பதினொண்ணு கீது. இன்னொரு ஆளு போடுங்க டீச்சர்."

ஆள் போடலாம். அதற்கு வரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வடிகாலுக்கு ஒதுக்கியதில் கை வைக்க வேண்டும். அலுவலகக் கணக்கைப் பார்க்கும் ஊராட்சிச் செயலர் ஏற்றிவிடலாம் என்றுதான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்.

"வடிகால் முடியட்டும்மா. அதுவரைக்கும் கொஞ்சம் சமாளி."

"நான் சமாளிப்பேன் டீச்சர். இடுப்புதான் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில், நனைந்து கனத்துப்போன குப்பைத் தொட்டியைத் தனியாகத் தூக்கி வண்டியில் கவிழ்க்கும்போது நடுத்தெருவில் விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிவிட்டது என்றார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். எழுந்து உட்காரப் பார்த்தவரை, வேண்டாம் என்று தடுத்தேன்.

"வரி ஏத்தலன்னு ஊரே உங்கள மெச்சிக்கினு கீது டீச்சர்" என்றார் கூரையைப் பார்த்தபடி. "எங்க வூட்டுக்கு வருசத்துக்கு இன்னா வரி வந்துடப் போவுது? மாடி வூட்டுக்காரங்களுக்குத்தான் மிச்சம். நீங்க மிச்சம் பண்ணது எல்லாம் என் இடுப்புலதான் கீது."

கோபமாகச் சொல்லவில்லை. ஆப்பிள் பையை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் புதிதாக ஒருவரை எடுத்தேன். அதுவும் விழுந்தவருக்குப் பதிலாக ஒருவர், அவ்வளவுதான். பதினொரு தெருவும் அப்படியே இன்னொரு பெண் தலையில் போய் விழுந்தது. வரியை அப்போதும் ஏற்றவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில் வடிகால் வேலை எங்கள் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டது. சர்வேயர் அளந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நலச்சங்கச் செயலாளருடைய காம்பவுண்டு சுவரும் கார் ஷெட்டும் வாய்க்கால் புறம்போக்கில் மூன்று அடி உள்ளே நின்றன. அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். நோட்டீஸ் மூலம் அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

அவர் காபி கொடுத்தார். "மூணு அடிதானே மேடம். கால்வாயக் காலனிப் பக்கம் வளைச்சு விட்டுடுங்க. அங்க என்ன, எல்லாம் குடிசைதானே."

"காலனி பள்ளத்துல இருக்கு சார். தண்ணி பூரா அவங்க வீட்டுக்குள்ளதான் போகும். யாரா இருந்தாலும் ஒரே சட்டம்னு சொன்னப்போ நீங்கதானே மொதல்ல கைதட்டினீங்க?"

அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது. "அது பொறம்போக்குல கொட்டாய் போட்டிருக்கிறவங்களுக்கு மேடம். நான் வரி கட்டுறவன்."

நோட்டீஸ் அனுப்பினேன். அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். கடைசி நாற்பது அடி அப்படியே நின்றுபோனது. பிறகு நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன: பக்கத்து ஊராட்சியின் அலங்கார வளைவு, பூங்கா, நடைபாதை விளக்குகள். "நம்ம ஊருக்கு எப்போ?" என்று கீழே ஒரு வரி. வளர்ச்சியே பிடிக்காதவள் என்று எனக்குப் பெயர் வந்தது. வரியை ஏற்றாதே என்று சொன்ன அதே ஆட்கள்தான் பூங்கா எங்கே என்று கேட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

அடுத்த தேர்தலில் செயலாளரின் மருமகள் என்னை எதிர்த்து நின்றாள். எங்கள் வார்டில்தான் நான் ரொம்ப மோசமாகத் தோற்றேன். காலனியில் கொஞ்சம் ஓட்டு விழுந்திருந்தது. ஏன் போட்டார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு மாதத்துக்குள் வீட்டு வரி ஏறியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் எல்லையில் வளைவு எழுந்தது. வடிகாலைக் காலனிப் பக்கம் வளைத்து வேலையை முடித்தார்கள்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மதியம் குடையை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டுச் சாமான்களைச் செங்கல்லின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் பாலிதீன் பையை மாட்டியிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா டீச்சர், இப்போ எதுக்கு வந்தீங்க? எலெக்சன் முடிஞ்சிடுச்சே."

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் குடையை மடக்கிவிட்டு ஒரு பீரோவின் அடிப்பக்கத்தைப் பிடித்தேன். என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. "விடுங்க டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அவர். பீரோவை விட்டு விலகிக் குடையை விரித்தேன். பிறகு திரும்பி வந்தேன்.

புடவை தொடைவரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வராண்டாவில் செயலாளர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பல நாளாகப் பேச்சு இல்லாதவர், அன்று தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"பாத்தீங்களா மேடம்? இவ்ளோ மழைக்கும் நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்கல."

"ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.