நண்பகலில் கண்ட சிவப்பு

என் மருமகனின் கலியாணத்தைக் குழப்பியவன் நான்தான். பகையெதுவும் இல்லை. பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற மிதப்பு.

அவன் தங்கச்சியின் மகன். வடமுனைக்குக் கிட்டிய நோர்வேத் தீவொன்றில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. இங்கே உடையார்கட்டில் பெண் பேசி, சாதகமும் பொருந்தி, இருவரும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். மார்கழியில் ஒருநாள் மத்தியானம் வெளியே வந்தபோது வானத்தில் சிவப்பு ஒளி அசைந்தது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண்ணின் தகப்பன் கிளிநொச்சியில் என் வீட்டுக்கு வந்தார். தாய்மாமனிடம் கேட்காமல் எங்கள் பக்கத்தில் சம்மதம் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி குடித்தபடி அந்த ஒளியைப் பற்றியும் கேட்டார்.

"துருவ ஒளி இரவிலைதான் வரும். மத்தியானம் கண்டதெண்டால் பெடியன் தண்ணி போட்டிருப்பான்," என்றேன்.

நான் மட்டும்தான் சிரித்தேன். சாதகம் திரும்பி வந்தது. தங்கச்சி காரணம் தெரியாமல் அழுதபோதும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு தங்கச்சியின் போனில் மருமகன் எடுத்த படத்தைக் கண்டேன். இருண்ட வானம், சிவப்புத் திரை, கீழே மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். அதன் பின்தான் தேடி வாசித்தேன். அங்கே மார்கழியில் சூரியன் உதிப்பதில்லை, நண்பகலும் இருட்டு. ஆனாலும், சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருந்தாலும், அந்நேரம் பூமியின் அந்தப் பக்கம் சூரியனை நோக்கியே நிற்கிறது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் விலக்கிவிடும். முனைகளுக்கு அருகே, பகல் பக்கத்தில், அது புனல்போலத் திறந்திருப்பதால் அவை நேரே இறங்குகின்றன. இரவு ஒளியைத் தருபவை பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலில் வேகம் பெற்று வருபவை. பகலில் இறங்குபவற்றுக்கு அவ்வளவு வேகமில்லை. மிக உயரத்திலேயே ஒட்சிசனில் மோதி நின்றுவிடும். அந்த உயரத்தில் ஒட்சிசன் தரும் நிறம்தான் அந்தச் சிவப்பு.

தங்கச்சியிடம் செய்ததைச் சொல்லி, படத்தை வாங்கிக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனேன். என் பிழையையும் காரணத்தையும் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு வானத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது மாஸ்டர். தாய்மாமனே நம்பாத பிள்ளையை நாங்கள் என்னெண்டு நம்புறது? இப்ப அவளுக்கு வவுனியாவிலை வேறை கலியாணம் முற்றாக்கிப் போட்டம்."

மருமகனைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஓம் மாமா. வேலைக்குப் போகவேணும்," என்றான்.

இந்த மார்கழியும் தாய்க்குப் படம் அனுப்பியிருக்கிறான். எனக்குக் காட்டவேண்டாம் என்றானாம்.