ஈட்டித் தூளும் கண்ணாடியக்காவும்

ஈட்டி மரத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் போதும், கடைசல்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். பெண்டாட்டியைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார், மரத்தைத் திட்டினால் பொறுக்க மாட்டார் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். அது வெறும் கேலிதான். அந்த மனுஷனுக்கு உலகத்தில் இருந்ததே இரண்டு. ஒன்று ஈட்டி, இன்னொன்று பெண்டாட்டி. இரண்டும் ஒத்துப்போகாமல் போனதுதான் இந்தக் கதை.

இருபத்தெட்டு வருஷம் ஒரே பட்டறையில், ஒரே கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்றவர். மாடிப்படித் தூண், கட்டில் கால், கத்திப் பிடி, உருட்டிச் செய்ய வேண்டியது எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். தேக்கைக் கொடுத்தால், "நல்ல மரம்தான், ரொம்பச் சாது" என்பார். வேறு எதையாவது கொடுத்தால், "ஏன், வீட்டுல அடுப்பு இல்லியா?" என்பார். ஈட்டி என்றால் மட்டும் முகமே மாறிவிடும். லேசுப்பட்ட மரமா அது! ஒரு ஆள் தூக்குகிற பலகை ஈட்டியில் என்றால் இரண்டு ஆள் வேண்டும். உளி அரை மணிக்கொரு தடவை மழுங்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவைக்கும். நிழலில், காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் அப்புறம் கோணாது, முறுக்காது, கரையான் கிட்டே வராது. வெட்டுகிற இடத்தில் ஒரு இனிப்பு வாசனை எழும்பும். ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும். ஆனால் அந்தக் கோடுகளை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது கடைசல் அல்ல, தேய்ப்பு.

தேய்ப்பு அவர் பெண்டாட்டியின் ராஜ்யம். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தைக்காகக் காத்துப் பார்த்தார்கள். இல்லை என்று ஆனதும், "நான் வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். சேர்ந்த ஆறே மாதத்தில் பட்டறையில் யாராலும் அவள் வேலையை நெருங்க முடியவில்லை. எந்திரம் தேய்த்துத் தள்ளிய பலகையை எடுத்து, சொரசொரப்புத் தாளில் தொடங்கி வழவழப்புத் தாள் வரைக்கும் ஐந்து தரம் தேய்ப்பாள். நடுவில் ஈரத்துணியால் துடைத்து, மர இழையின் சிலும்பு எழும்பவிட்டு, காய்ந்தபிறகு மறுபடியும் தேய்ப்பாள். கடைசியில் அந்தப் பலகையில் குனிந்து பொட்டைச் சரிசெய்துகொள்ளலாம். அதனால்தான் கண்ணாடியக்கா என்று பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் மணிக்கட்டு மடிப்பில் அரிக்கிறது என்றாள். சிவந்து, சின்னச் சின்னதாய்ப் பொரிந்திருந்தது.

ஈட்டிப் பட்டறையில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் முதல் மாதம் அரிக்கும். பெரியவர்கள் பார்த்துவிட்டு, "பழகிடும்" என்பார்கள். பெரும்பாலும் பழகியும் விடும். கடைசல்காரருக்கே அப்படித்தான் வந்தது, போனது. அதிலிருந்து அந்த வார்த்தை அவருக்கு வேதமாகிவிட்டது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் மரத்துக்கு உன்னப் புடிச்சிருக்கு. பழகிடும், போ."

"வேணும்னா கொஞ்ச நாள் நின்னுக்கட்டுமா?"

"நின்னா மறுபடியும் முதல்லேர்ந்து பழகணும். விடாம செய், அதுவா ஓடிடும்."

அவளும் விடாமல் செய்தாள். அரிப்பு ஓடவில்லை. முழங்கை வரைக்கும் ஏறியது. அடுத்த வருஷம் கண் இமை வீங்கியது. அதற்கடுத்த வருஷம் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. அப்புறம் மூச்சு. மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா வேறு வேறு மரத்தூள் வைத்த சின்னச் சின்னப் பட்டைகளை அவள் முதுகில் ஒட்டி அனுப்பி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். ஈட்டித் தூள் வைத்த இடம் மட்டும் கொப்புளித்திருந்தது. அன்றைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியதால் பக்கத்து அறையில் உட்காரவைத்து குழாய் வழியாக மருந்துப் புகையை மூச்சில் இழுக்கவிட்டார்கள். டாக்டரம்மா கடைசல்காரரை மட்டும் கூப்பிட்டார்.

"அந்த மரத்தோட எண்ணெய் இவங்க உடம்புக்கு விஷமாயிடுச்சு. சிலருக்குத்தான் இப்படி ஆகும். ஆனா ஒருதடவை ஆச்சுன்னா மாறாது. இனி ஆயுசுக்கும் அந்தத் தூள் பக்கம் போகக் கூடாது. போனா மூச்சு நின்னாலும் நிக்கும்." அப்புறம் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முதல்ல எப்ப அரிச்சுது?"

"அது... ரெண்டரை வருஷம் இருக்கும்."

"அப்பவே நிறுத்தியிருந்தா தோலோட போயிருக்கும். யாருமே சொல்லலியா?"

பழகிடும், விடாம செய் என்று சொன்னதே அவர்தானே!

பக்கத்து அறைக்குப் போனார். அவள் முகத்திலிருந்து குழாயை எடுத்துவிட்டு, ஆசை ஆசையாய்க் கேட்டாள். "எப்பத்திலேர்ந்து வேலைக்குப் போலாம்னாங்க?"

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான். அந்த மகராசனுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு மாசம் ஓய்வு எடுக்கணுமாம்" என்றார்.

அவள் வீட்டில் இருந்தாள். தூள் வீட்டுக்கு வரக் கூடாதே என்று அவர் படாத பாடு பட்டார். பட்டறையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்பினார். மீசையில் தூள் தங்கும் என்று யாரோ சொல்ல, இருபது வயசிலிருந்து வளர்த்த மீசையை வழித்துப்போட்டார். அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயே, யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலியே" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கொடுமை என்னவென்றால், அவள் தேறிவிட்டாள். கை வழவழப்பாகிவிட்டது. விசில் நின்றுவிட்டது. இரண்டு மாதம் முடிந்த அன்றைக்கே, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தவர், வாயில் வந்த அடுத்த பொய்யைச் சொன்னார்.

"முதலாளி இப்பத்திக்கு வேண்டாங்கறார். உன் எடத்துல வேற ஆள் போட்டிருக்காராம்."

"வேற ஆளா? என் மேசையிலயா?"

"கொஞ்சம் பொறுன்னு சொல்லியிருக்கார்."

ஒரு மாதம் பொறுத்தாள். இரண்டு மாதம் பொறுத்தாள். தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாய், "இன்னைக்குக் கேட்டீங்களா?" என்பாள். "கேட்டேன்" என்பார். முதலாளியிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பாவம், முதலாளியோ அவளுக்கு இன்னும் தேறவில்லை என்று இவர் சொன்னதை நம்பி, கண்ணாடியக்கா மேசையைத் துணி போட்டு மூடிவைத்திருந்தார். அவள் வீட்டில் உட்கார்ந்து அந்த மனுஷனை நன்றி கெட்டவன், கல்நெஞ்சன் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். கடைசல்காரர் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவது மாதம் ஒரு நாள், பதினொரு மணி இருக்கும். பெரிய பலகைகள் வந்து இறங்கியிருந்தன. தேய்ப்பு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை முழுக்க ஊதாப் புழுதி. கடைசல்காரர் ஒரு படித்தூணை மாட்டி, உளியை வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் அவள் நிற்கிறாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரி, சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

அவர் கத்தினார். எந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்! அவள் நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"பதிமூணு வருஷம் உழைச்சவள எடுத்தெறிஞ்சிட்டீங்களே, இது நியாயமா?"

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நான் எப்பம்மா எறிஞ்சேன்? நீ எப்ப வருவேன்னுல்ல உங்காளுகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன்! அங்க பாரு, உன் மேசையில ஒருத்தரக்கூட உக்கார விடல."

அவள் திரும்பிக் கடைசல்காரரைப் பார்த்தாள். அதற்குள் அவர் ஓடி வந்துவிட்டார். "வெளிய போ, முதல்ல வெளிய போ, எல்லாம் அப்புறம் சொல்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை உதறினாள். எதற்குப் பொய் சொன்னார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்கவே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. இருவராகச் சேர்ந்து தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

உயிர் தப்பியது. அதற்கு மேல் ஒன்றும் நல்லதாகச் சொல்வதற்கில்லை. நுரையீரல் பாதிக்குப் பாதிதான் வேலை செய்யும், இனி வீட்டில் சமைக்கிற வேலைகூட நின்று நின்றுதான் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்தத் தடவை சுருக்கமாகத்தான் பேசினார்.

மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள். அவள் கடைசிக் கட்டிலில், முகத்தில் மூச்சுக் கவசத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்து தடுத்தாள்.

"நீங்க மரப்பட்டறையா? உள்ள வராதீங்க, ஐயா. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. எதுன்னாலும் அங்கருந்தே சொல்லுங்க."

வீட்டில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். ஏழு மாதம் இருந்தது. இப்போது பத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தா... அன்னைக்கு டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்லல!" இன்னும் பலமாகக் கத்தினார். "ஆயுசுக்கும் கூடாதுன்னாங்க! முதல்ல அரிச்சப்பவே நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதாம்! நான்தான் பழகிடும்னேன்! நான்தான்!"

எல்லாக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கட்டிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

அவளால் கத்த முடியாது. நர்ஸைக் கையசைத்துக் கூப்பிட்டு, கவசத்தை லேசாக விலக்கி, ஏதோ சொன்னாள். நர்ஸ் அவ்வளவு தூரமும் நடந்து வந்தாள்.

"அன்னைக்கே தெரியுமான்னு கேக்கறாங்க."

"தெரியும்" என்றார்.

நர்ஸ் போனாள். குனிந்து சொன்னாள். அவள் கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் ஏதோ சொன்னாள். நர்ஸ் இந்தத் தடவை மெதுவாக நடந்து வந்தாள்.

"போகச் சொல்றாங்க, ஐயா."

"நாளைக்கு வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேளும்மா. இப்படியே வாசல்லயே நிக்கிறேன்னு சொல்லு. உள்ள வரல."

நர்ஸ் திரும்பிப் போய்க் கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் கட்டிலருகே கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் வராமல், அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போய்விட்டாள்.