தம்பி வாங்கி வந்த நாய்

கும்மிடிப்பூண்டியில் கால்நடை டாக்டரிடம் ஆட்டைக் காட்ட வரிசையில் நின்றபோதுதான் அவரைப் பார்த்தேன். ஆறடி உயரம், முறுக்கு மீசை, முழங்கால் வரை காய்ந்த சேறு. ஆரம்பாக்கம் பக்கம் நெல் பயிரிடுகிறவராம். அவர் கையிலிருந்த துண்டுக்குள் ஒரு பொமரேனியன் குட்டி சுருண்டிருந்தது. இரண்டு நாளாக அது எதுவும் சாப்பிடவில்லை.

“களத்துக் காவலுக்கு நாய் வாங்கினு வாடான்னா, என் தம்பி இத்த வாங்கினு வந்துக்கிறான். கோழியப் பாத்தா என் லுங்கிக்குள்ள பூந்துக்குது. ஒரே பேஜாரு” என்றார்.

தம்பியை ஒரு வார்த்தை திட்டுவார். உடனே துண்டின் நுனியால் நாயின் கண்ணைத் துடைத்துவிடுவார். அரைமணி நேரம் இப்படியே போனது.

எனக்கே பாவமாகிவிட்டது. “எங்கிட்ட குடுத்துடுங்கண்ணா. எம்பொண்ணு ரொம்ப நாளா நாய் கேக்குறா” என்றேன்.

அவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அதெப்படிங்க? தம்பி ஆசையா வாங்கினது. மனசு ஒடஞ்சி பூடுவான்.”

தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஊசி போட்டபோது அவர்தான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வெறும் காய்ச்சல், சரியாகிவிடும் என்ற டாக்டர், “நாய் உங்க தம்பியோடதாமே, அவர் வரலியா?” என்று கேட்டார்.

“அவன் எங்க சார் வருவான்? வாங்கினு வந்த ரெண்டாம் நாளே, யாருக்குனா குடுத்துடுன்னு சொல்லிட்டான்.”

சொன்ன பிறகுதான் பின்னால் நான் ஆட்டோடு நிற்பது அவருக்கு நினைவு வந்தது. என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். மனசு உடைவது யாருக்கு என்று கேட்காமல் நானும் ஆட்டை டாக்டர் பக்கம் நகர்த்தினேன்.