மூடிய தறிக்குழி

பிள்ளைகளே, கைத்தறியில் உட்கார்ந்து நெய்பவர் கால் வைக்கும் நம் வீட்டுத் தறிக்குழியை மண் போட்டு மூடியவன் நான்தான்.

கல்பாக்கத்தில் கனநீர் அணுஉலை கட்டும் வேலைக்குப் போயிருந்த உங்கள் அத்தை புருஷன், என் பாவா, சொன்னார்: "நம்மாளுங்களே கட்டிகினு இருக்கறது மச்சான். அது ஓடினா கரண்டு கட்டே இருக்காது. நீ பவர்லூம் போடு. கைத்தறிய நான் எடுத்துக்கறேன்."

நாடே சொந்தக் காலில் நிற்கப்போகிறது என்ற பூரிப்பில் தறியைக் கொடுத்து, குழியை மூடி, பவர்லூம் போட்டேன்.

உலை ஓடியது. நம் திருத்தணியில் கரண்டு கட்டு நிற்கவில்லை. பவர்லூம் நின்றால் நம் அடுப்பும் நின்றது. அப்படி ஒரு பகலில், வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்த அவர் வீட்டில் என் தறியின் சத்தம் கேட்டுப் போனேன்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா பாவா?"

"ஆங். ஒரு உலை ஊருக்கெல்லாம் காணுமா? சும்மா கேட்டா தறிய குடுத்திருப்பியா நீ?" என்றார், நெய்வதை நிறுத்தாமல்.

உலை என்னை ஏமாற்றவில்லை. அதன் பெருமையைச் சொல்லி ஏமாற்றியவர் நம் வீட்டு மனிதர். அதுதான் இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்து, இறக்க ஒரு தறி இல்லாமலே, தனியாக, நான் மூடிய அந்தக் குழியை மறுபடி தோண்டினேன்.