செல்வராணி டீச்சர் சொல்லாத பெயர்கள்

கடை வாசலில் ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த குரங்கணி ஜீப்புக்காரர்தான் சொன்னார். "பாய், நம்ம சிலமலை டீச்சர் போயிட்டாகளாம். காலையில நெஞ்சு வலியாம்." மூட்டையை எங்கே வைப்பது என்று அதே மூச்சில் கேட்டார்.

சிலமலை ஊர்க்காரரான செல்வராணி டீச்சர் போடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்தியவர். நான் ஏலக்காய்க் கடைக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பொட்டலம் கட்டிய பேப்பரைப் படித்து எழுதக் கற்றவன். அவரைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்பவர்கள் கேட்கட்டும். தகுதி உள்ளவர்கள் இரங்கல் கூட்டத்தில் பேசியதைக் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லூரியில் முதல்வர் அறைக்கு எதிரே, 'மனநல ஆலோசனை அறை' என்று பெரிய பலகை மாட்டி டீச்சரை உட்கார வைத்தார்கள். ஒரு பிள்ளையும் வரவில்லை. எப்படி வரும்? அந்த வாசலில் ஒரு பெண் நின்றால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள். இதே ஊரில் பிறந்த நிர்வாகிகளுக்கு இது தெரியாதா?

டீச்சர் என் கடைக்கு வந்தார். காய் தரம் பிரிக்கும் பெண்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, பிரிக்காத காய் ஒரு மூட்டை வேணும். தட்டும் ரெண்டு குடுங்க" என்றார்.

"டீச்சர் சோலிய விட்டுட்டு ஏவாரத்துக்கு வர்றீகளா?"

"வந்தா மொதல்ல உங்க கடையத்தான் மூட வைப்பேன்."

பலகை மாட்டிய அறையை விட்டு, நூலகத்துக்குப் பின்னால் இருந்த சரக்கறைக்கு மாறினார். மத்தியானம் பிள்ளைகள் வந்து பச்சைக் காயைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்கப் பேசினார்கள். "மூஞ்சியப் பாத்துச் சொல்லுன்னா எந்தப் பிள்ளையும் சொல்லாதுண்ணே. கண்ணு காயில இருந்தா மனசுல உள்ளது தன்னால வரும்" என்பார். தூக்கம் வராத பிள்ளை, அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லப் பயந்த பிள்ளை, விடுதியில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்த பிள்ளை. இவ்வளவுதான் எனக்குச் சொல்வார். பெயர் சொன்னதில்லை. சாயங்காலம் பிரித்த காயை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிடுவார். மறுநாளைக்குப் பிரிக்கக் காய் வேண்டுமே.

ஏலக்காய் மணம் நிர்வாகத்துக்கு எட்டியது. படிக்கிற பிள்ளைகளை பாய் கடைக்குச் சும்மா உழைக்க வைக்கிறார் என்றார்கள். வந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் விசாரித்துவிட்டு அறையை விட்டுவிடுகிறோம் என்றார்கள். டீச்சர் கொடுக்கவில்லை. அறையைப் பூட்டிவிட்டார்கள்.

மூட்டையும் தட்டுகளுமாக டீச்சர் என் கடை வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன்.

"நீங்க போய்க் கத்துனா, யார் யார் வந்தாகன்னு மறுபடி தோண்டுவாக. உங்க கோவம் எனக்கு வேணாம்ணே. பிள்ளைக பேரு வெளிய வராம இருந்தாப் போதும்."

அவருக்காக அடக்கினேன். கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தில் அந்தக் கல்லூரிச் செயலாளர் அவரை 'மாணவர்களின் தாய்' என்றார். பூட்டியதைப் பற்றிப் பேச்சில்லை. பிறகு, "அம்மாவால மனசு தேறுனவங்க மேடைக்கு வந்து பேசுங்க" என்று மைக்கில் கூப்பிட்டார். உயிரோடு இருந்தவரை டீச்சர் தர மறுத்த பெயர்களை, செத்த பிறகு மேடை போட்டுக் கேட்டார்கள். ஒருவரும் எழவில்லை. "பாத்தீகளா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றியே கெடையாது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் செயலாளர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

எனக்குப் பக்க வரிசையில் ஒரு பெண் தலை குனிந்து, வெறும் மடியில் விரல்களால் எதையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான், கேட்காமல் இருப்பது. அந்த மூட்டையும் இருக்கிறது. காய் வெளுத்துவிட்டது, இனி எந்த வியாபாரியும் தொடமாட்டான். கடையின் பின்கட்டில் இரண்டு தட்டுகளோடு வைத்திருக்கிறேன். அந்தச் சரக்கறையில் உட்கார்ந்தவர்கள் வரலாம், உட்கார இடம் கிடைக்காமல் போனவர்களும் வரலாம். பலகை கிடையாது. பின்கதவைப் பகலில் சாத்துவதில்லை. பெயர் கேட்க மாட்டேன்.