வெந்நீரில் போட்ட தோல்

மாலி நாட்டிலிருந்து அஜ்மானுக்கு வந்த பக்காரிக்கு நான் செய்த துரோகத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் செல்வசிங், குளச்சல்காரன். அஜ்மானில் ஒரு இறைச்சிக் கடையில் வெட்டுகிறவன். எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பக்காரி டிரம் செய்கிறவன். ஒரே மரத்தைக் குடைந்து, இடுப்பு சிறுத்த பெரிய குடுவை மாதிரி ஆக்கி, வாயில் ஆட்டுத்தோல் போர்த்தி, இரும்பு வளையத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டுவான். 2005 ஜனவரியில் ஷார்ஜாவில் ஒரு பொருட்காட்சி. முதல் நாளே ஐந்து டிரம்களை வாசித்துக் காட்டினால் இரண்டு வருஷ விசா, இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். அவனோ பட்டறையை விற்றுவிட்டு வந்தவன். திரும்பினால் உளி பிடிக்கக்கூட இடமில்லை.

விமான நிலையத்தில் மரத்தை விட்டார்கள், தோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் பக்கத்து அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "பக்ரீத்துக்கு நம்ம கையில எத்தன ஆடு விழும் தெரியுமாடே? ஏன் அழுக?" என்றேன். அவனுக்குத் தமிழ் ஏது? கையால் கொம்பு வைத்துக் காட்டினேன். சிரித்துவிட்டான்.

பக்ரீத் அன்று காலையிலேயே ஐந்து நல்ல தோலாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறப்போடு, கட்டிய பிறகு பிளேடால் முடியைச் சிரைத்துக்கொள்கிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டு வளையம் வாங்கப் போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். குடலுக்கும் காலுக்கும் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிப் பழகிய கை. அவனுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் ஐந்தையும் முக்கினேன். முடி வந்தது. தோலும் சுருண்டு, தடித்து, கால்வாசியாகிவிட்டது.

பக்காரி வந்து ஒன்றை விரித்தான். விரல் பட்ட இடத்தில் கிழிந்தது. கட்டிய தோல் காய மூன்று நாள் வேண்டும், பொருட்காட்சிக்கும் மூன்றே நாள். இருவரும் கசாப்புக் கூடம் கூடமாக ஓடினோம். மிச்சத் தோலையெல்லாம் லாரி அள்ளிக்கொண்டு போயிருந்தது. எங்கே போனாலும் 'மாஃபி, மாஃபி', இல்லை இல்லை என்றே பதில். வழியில் அவன் இரண்டு தரம் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் பொருட்காட்சியில் பக்காரியின் ஸ்டாலைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ரெங்கராஜ் வந்தார். மதுரைக்காரர், என் முதலாளியோடு தினமும் டீ குடிக்கிறவர். வாளியைப் பார்த்துவிட்டு, யார் இப்படிச் செய்தது என்று இங்கிலீஷில் கத்தினார். முதலாளி காதுக்குப் போனால் என் விசாவும் கேன்சல்தான்.

பக்காரி என்னைப் பார்த்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "மீ" என்றான்.

ரெங்கராஜ் என் பக்கம் திரும்பினார். "தோல ஊறவைக்கத் தெரியாதவன் என்னய்யா டிரம் செய்யிறவன்? டூப்பு விட்டுல்ல வந்திருக்கான்!"

"ஆமா சார்" என்றேன்.