பக்கத்து வீட்டுக்கு ரோல்ஸ் கொண்டுபோனோம்

லிபியாவின் உள்நாட்டுச் சண்டைக்குள் வெளிநாட்டு விமானங்கள் புகுந்து, சனத்தைக் காப்பாற்றவென்று அரசாங்கப் படைகள் மீது குண்டு போடத் தொடங்கிய அன்று, என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து துள்ளி எழும்பினார். கனடா விமானங்களும் போகின்றனவாம். கிரிக்கெட்டில் வென்றவர் மாதிரி ஒரு முகம்.

"இஞ்சேரும், வெளிக்கிடும். பக்கத்து வீட்டுக்குப் போவம்."

டொரோண்டோவில் எங்கள் வோபர்ன் அடுக்குமாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர் லிபியாக்காரி. நல்ல செய்தியென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் பழக்கம். மனுசன் ஹலால் கடை தேடிப் போய் இறைச்சி ரோல்ஸ் வாங்கி வந்தார். அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தது.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் நாங்கள் இருவரும் டொரோண்டோ வீதியில் நின்று, யாராவது வந்து இலங்கையில், வன்னிப் போருக்குள் அகப்பட்ட எங்கள் சனத்தைக் காப்பாற்றுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தோம். ஒருவரும் வரவில்லை. இவர்களுக்கு மட்டும் வந்துவிட்டார்களே என்று எனக்கும் பொறாமைதான். அந்தப் பொறாமையோடுதான் ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கதவு திறந்ததும் இவர், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பதைத் தன் ஆங்கிலத்தில் சொன்னார். நான் பின்னால் நின்று பல்லைக் காட்டினேன். அந்தப் பெண் பெட்டியை வாங்கி நன்றி சொன்னார். பிறகு, தன் தங்கை தலைநகர் திரிப்போலியில் இருக்கிறாள், நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை என்றார்.

இவர் அதோடாவது விட்டாரா? பயப்படாதீர்கள், அவர்கள் பார்த்துத்தான் போடுவார்கள் என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் பிடித்தேன் ஒரு பிடி.

"உங்களுக்கு வெக்கமில்லையே? யாழ்ப்பாணத்தில எங்கட தலைக்கு மேல போட்டவங்களும் பார்த்துத்தானே போட்டவங்கள்?"

"அது வேறயப்பா, உது வேற."

"பங்கருக்குள்ள கிடக்கிற ஆக்களுக்கு என்ன வேற?"

அவர் டிவியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் பெரிய நியாயக்காரி போல அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் கீழே லோன்றி அறையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். ஓடிப் போய்த் தங்கையைப் பற்றிக் கேட்டேன். பேசிவிட்டாளாம், உயிரோடு இருக்கிறாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் கட்டிப்பிடித்தேன். ஆனால் தங்கையின் முன்வீட்டில் குண்டு விழுந்து, அங்கிருந்த குடும்பமே போய்விட்டது என்றார்.

"அவர்கள் அரசாங்கத்தின் ஆட்களா?" என்று கேட்டேன்.

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். தெரியாது, அந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் தங்கையின் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று சொல்லிவிட்டு, ஈர உடுப்புகளை எடுக்க மெஷின் பக்கம் திரும்பினார்.

எங்கள் ஊரில் குண்டு விழுந்து சனம் செத்தபோதெல்லாம், செத்தவர்கள் யாருடைய ஆட்கள் என்றுதான் வெளியில் இருந்தவர்கள் முதலில் கேட்டார்கள். இதுகளும் மனிதர்களா என்று நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.